கடற்காற்றில் பிஸ்கட் வீடு: எது ஏன் சரிகிறது, எப்படி நிறுத்துவது

டிசம்பர் பிறந்தால் பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கால் தரையில் பாவாது. கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் தேடுவது, வாசலில் நட்சத்திரம் கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தவர்கள், இப்போது சில வருடமாக ஜிஞ்சர்பிரெட் வீடும் (இஞ்சி மணக்கும் பிஸ்கட்டால் கட்டுகிற பொம்மை வீடு) கேட்கிறார்கள். எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேக் சுடும் ஓவன் கிடையாது. அதனால் சுடாமல், கடைப் பிஸ்கட்டை ஒட்டி, மேலே மிட்டாய் பதித்துக் கட்டுகிறோம். குடிலுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வீடு நின்றால் பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்துக்கு ஈடில்லை.

செய்முறை மூன்று வரிதான். நாலு சுவர் நிறுத்து, இரண்டு பிஸ்கட் சாய்த்துக் கூரை போடு, ஐசிங் என்கிற சர்க்கரைப் பசையால் ஒட்டி மிட்டாய் பதி. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பரவிய வழக்கம் இது. அங்கே டிசம்பரில் வெளியே பனி, வீட்டுக்குள் கணப்பு. உள்ளே காற்று காய்ந்து கிடக்கும், வைத்தது வைத்தபடி நிற்கும். நமக்கு டிசம்பர் என்றால் வாடைக்காற்று. மழை விட்டும் விடாமலும் இருக்கும். காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தொடும் நாள்கள் உண்டு. உப்பு ஜாடியே கசிகிற வீட்டில் பிஸ்கட் என்ன செய்யும்?

வீடு சரிந்ததும் பலர், தனக்குக் கை வரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு கோளாறு காற்றினால் வருவது. எந்தக் கோளாறு என்று கண்டுபிடித்துவிட்டால் சரி செய்வது சுலபம். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ, அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

பிஸ்கட் ஒடிகிற சத்தம் வரவில்லை, வளைகிறது

கட்ட ஆரம்பிக்கும் முன் ஒரு பிஸ்கட்டை எடுத்து ஒடியுங்கள். டக்கென்று சத்தம் வர வேண்டும். சத்தமில்லாமல் பிய்ந்தால் ஈரம் ஏறிவிட்டது. அந்தப் பிஸ்கட்டில் எவ்வளவு நல்ல பசை போட்டாலும் சுவர் தன் எடையிலேயே வயிறு தள்ளும்.

தூக்கிப் போட வேண்டாம். கனமான தோசைக்கல்லை மிகச் சிறிய தீயில் வைத்து, மேலே ஒரு தட்டைப் போட்டு, அந்தத் தட்டில் பிஸ்கட்டைப் பரப்புங்கள். கல்லில் நேரே வைத்தால் அடி கருகிவிடும். பக்கத்துக்கு ஐந்து நிமிடம் போதும். சூடாக இருக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆறியதும் மொறுமொறுப்பு திரும்பும். ஆறிய உடனே எவர்சில்வர் டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். கட்டும்போது ஒன்றொன்றாக எடுங்கள். மொத்தமாகத் தட்டில் பரப்பி வைத்தால், மழை நாளில் ஒரு மணி நேரத்தில் மறுபடி பதம் போய்விடும்.

எந்தப் பிஸ்கட் வாங்குவது என்பதும் இங்கேதான் வருகிறது. நீள்சதுரக் குளுக்கோஸ் பிஸ்கட் நல்லது. வேஃபர் பார்க்க அழகு, ஆனால் ஈரத்தை முதலில் குடிப்பது அதுதான், அதைச் சுவருக்கு வைக்காதீர்கள். மேரி வட்டம், கதவுக்கு மேல் வளைவுக்கு மட்டும் ஆகும். என் விருப்பம், சுவருக்கு ரஸ்க். பேக்கரி ரஸ்க்கை இரண்டு முறை சுட்டிருப்பார்கள், தடிமனும் உண்டு, தானாகவே நிற்கும். பிள்ளைகளுக்கு அது செங்கல் சுவர் மாதிரித் தெரிவதும் ஒரு லாபம்.

வெட்டும்போது நொறுங்குகிறது

முன்பக்கச் சுவருக்கும் பின்பக்கச் சுவருக்கும் மேலே கூம்பு வேண்டும். அதற்குப் பிஸ்கட்டின் இரண்டு மூலையையும் சாய்வாக வெட்ட வேண்டும். மொறுமொறுப்பான பிஸ்கட்டில் கத்தியை வைத்து அழுத்தினால் கோணல்மாணலாக உடையும்.

நம் ஊர் ஈரம் நமக்கு உதவுகிற ஒரே இடம் இது. வெட்ட வேண்டிய பிஸ்கட்டுகளை மட்டும் முதல் நாள் இரவு தட்டில் திறந்து வையுங்கள். காலையில் லேசாகத் தளர்ந்திருக்கும். பல் வைத்த கத்தியால் ரம்பம் போல அழுத்தாமல் இழுத்து வெட்டுங்கள். கோடு போட்டது மாதிரி வரும். வெட்டியபின் மேலே சொன்னபடி தோசைக்கல்லில் காயவைத்துவிட்டால் பழைய பதம். கதவு, சன்னல் அறுப்பதும் இந்தத் தளர்ந்த பதத்திலேயே முடித்துவிடுங்கள்.

சுவர் ஒட்டவே மாட்டேன் என்கிறது

எல்லாரும் மாட்டிக்கொள்கிற இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒட்டுவதற்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று ராயல் ஐசிங். முட்டை வெள்ளைக்கரு, ஐசிங் சர்க்கரை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு. இன்னொன்று உருக்கிய சாக்லேட். ஐசிங், தன்னிடம் இருக்கிற தண்ணீரைக் காற்றுக்குக் கொடுத்து இறுகும். சாக்லேட், சூட்டை இழந்து இறுகும். மழைக்கால ராமேசுவரம் தீவில் காற்று ஏற்கெனவே தண்ணீர் குடித்து நிறைந்திருக்கிறது. ஐசிங் கொடுக்கிற தண்ணீரை அது அவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்ளாது. ஆனால் பகல் சூடு 28, 29 டிகிரிதான் என்பதால் காம்பவுண்ட் சாக்லேட் தானாக இறுகிவிடும். ஆகவே டிசம்பரில் சுவர் நிறுத்தச் சாக்லேட்டை எடுங்கள். ஐசிங்கை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே வீட்டை மே மாத விடுமுறையில் கட்டினால் கணக்கு தலைகீழ். அப்போது சாக்லேட் இளகி நிற்கும், ஐசிங்கை நம்பலாம்.

காம்பவுண்ட் என்பது கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த கட்டி. கேக் சாமான் கடையில் கிடைக்கும். சுத்தச் சாக்லேட்டில் இருக்கும் கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்குப் பக்கத்தில் உருகிவிடும். அதை மறுபடி பளபளப்பாக இறுக வைக்கத் தனிப் பக்குவம் வேண்டும். நமக்கு அந்தச் சிரமம் வேண்டாம்.

சரி, ஏற்கெனவே ஐசிங் போட்டாயிற்று, விழுந்துவிட்டது என்றால், விழுந்த இடத்தை உற்றுப் பாருங்கள். காரணம் அங்கேயே எழுதியிருக்கும்.

பசையோடு பிஸ்கட் தூளும் பெயர்ந்து வந்திருந்தால் பசை நன்றாகத்தான் இருக்கிறது, பிஸ்கட்தான் பலவீனம். வெட்டிய ஓரத்தில் தூள் நின்றிருக்கும். சின்ன பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஒட்டுங்கள்.

பசை வழவழவென்று சுத்தமாகக் கழன்றிருந்தால், ஒட்டுவதற்குள் ஐசிங்கின் மேல் தோல் காய்ந்துவிட்டது. மின்விசிறிக்கு அடியில் எல்லாச் சுவருக்கும் பசை தடவிவிட்டு அப்புறம் நிறுத்தப் போனால் இது நடக்கும். ஒரு சுவருக்குத் தடவி உடனே நிறுத்துங்கள். ஐசிங் கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போட்டு வையுங்கள். எண்ணெய் கசிகிற வெண்ணெய் பிஸ்கட்டிலும் இதே மாதிரிக் கழலும், அதற்குப் பிஸ்கட்டை மாற்றுவதே வழி.

பசை இன்னும் ஈரமாகவே இருந்தால் அது காயவில்லை, அவ்வளவுதான். கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்தி, மின்விசிறி போட்டு, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். ஏசி இருக்கிற அறை கிடைத்தால் பாதி நேரத்தில் வேலை முடியும், அது காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். மழை விடாத நாளாக இருந்தால் காத்திருக்காமல் சாக்லேட்டுக்கு மாறிவிடுங்கள்.

ஐசிங் வழிகிறது

ஒரு வெள்ளைக்கரு 30 கிராம் அளவு இருக்கும். ஒட்டுகிற பதத்துக்கு 150 முதல் 200 கிராம் வரை ஐசிங் சர்க்கரை இழுக்கும். கரண்டியைக் குத்தி நிறுத்தினால் சாயாமல் நிற்க வேண்டும். வழிந்தால் ஒவ்வொரு கரண்டியாகச் சர்க்கரை சேருங்கள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும், அரைக் கரண்டி கூடினாலே ஓடிவிடும்.

எவ்வளவு அடித்தாலும் வெள்ளைக்கரு நுரைக்கவில்லை என்றால் மஞ்சள் கரு கலந்திருக்கும், அல்லது பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை. மீன் வறுத்த கிண்ணம், குழம்பு கலந்த பிளாஸ்டிக் பாத்திரம் வேண்டாம். எவர்சில்வர் கிண்ணத்தை எலுமிச்சை மூடியால் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுங்கள். மிக்ஸியில் அரைத்த சர்க்கரை என்றால் மெல்லிய துணியில் சலித்து, 100 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு (கார்ன்ஃப்ளார்) சேருங்கள், கட்டி பிடிக்காது.

பச்சை முட்டை, கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயசானவர்களுக்கும் ஆகாது. சாப்பிடக் கொடுக்கிற வீடு என்றால் மெராங்க் பவுடர் (பதப்படுத்திக் காயவைத்த வெள்ளைக்கருத் தூள்) வாங்கிக்கொள்ளுங்கள். முட்டை இல்லாமல் பாலும் சர்க்கரையும் குழைத்தும் செய்யலாம், ஆனால் அது சுவரைத் தாங்காது. பனி மாதிரி மேலே பூச மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

உருக்கிய சாக்லேட் திடீரென்று கட்டியாகிக் களிமண் ஆகிவிட்டது

ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கொதிக்கிற தண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கும்போது ஆவி ஏறி உள்ளே இறங்கும். ஈரக் கரண்டியாலும் ஆகும். இறுகிப்போனதைப் பசையாக மீட்க முடியாது. சூடான பால் நிறைய ஊற்றிக் கலக்கிப் பிள்ளைகளுக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டுப் புதிதாக உருக்குங்கள்.

எங்கள் வீட்டில் கிண்ணமே வைப்பதில்லை. தடிமனான, உணவுக்கான பிளாஸ்டிக் கவரில் சாக்லேட்டைச் சின்னதாக நறுக்கிப் போட்டு, வாயை இறுக முடிந்து, அடுப்பை அணைத்த சுடுதண்ணீரில் இறக்கிவிடுவோம். தண்ணீர் கொதிக்கக் கூடாது, கை பொறுக்க முடியாத சூடு போதும். ஐந்தாறு நிமிடத்தில் உருகிவிடும். வெளியே எடுத்து கவரை நன்றாகத் துடைத்து, மூலையில் ஊசி முனை அளவு வெட்டினால் அதுவே பிழியும் பை. துடைக்க மறந்தால் கவரில் ஒட்டிய தண்ணீரே சொட்டி எல்லாவற்றையும் கெடுக்கும்.

ஒட்டியதும் சுவரை விட்டுவிடாதீர்கள். உள்ளே ஒரு தீப்பெட்டி, வெளியே ஒரு டம்ளர் என்று முட்டுக்கொடுத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அவசரம் என்று வீட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்த நிமிடமே குளிர்ந்த பிஸ்கட்டின் மேல் நம் காற்று வியர்த்துக் கொட்டும். சாக்லேட் மேல் வெள்ளை பூத்துவிடும், பிஸ்கட் நமுத்துவிடும்.

கூரை வழுக்கி இறங்குகிறது

சுவர் இறுகும் முன் கூரை ஏற்றியிருப்பீர்கள். சாக்லேட் என்றால் அரை மணி, ஐசிங் என்றால் ஓர் இரவு, அதற்குள் கூரையைத் தொடாதீர்கள். இன்னொரு காரணம், கூரை மேல் மிட்டாயைப் பதித்துவிட்டு அப்புறம் ஏற்றியது. எடை கூடினால் சறுக்கும். செங்குத்தான கூரை இன்னும் மோசம். படத்தில் வருகிற ஐரோப்பிய வீட்டுக்குப் பனி சறுக்கி விழ அந்தச் சாய்வு தேவை, நமக்குத் தேவையில்லை. கரையோரப் பனையோலைக் குடிசை எப்படித் தாழ்ந்து படர்ந்து இருக்கிறதோ அப்படிச் சாய்வைக் குறையுங்கள். நிற்கும், பார்க்கவும் நம் ஊர் மாதிரி இருக்கும். கூரையின் இரண்டு பக்கக் கீழ் விளிம்பிலும் ஒரு மணி நேரத்துக்குத் தீப்பெட்டி அண்டை கொடுங்கள். உச்சியில் இடைவெளி விழுந்தால் கவலை வேண்டாம், சீரக மிட்டாயை வரிசையாகப் பதித்து மூடிவிடலாம்.

எத்தனை முறை செய்தும் சரிகிறது, பிள்ளைகள் அழுகிறார்கள் என்றால் உள்ளே எலும்புக்கூடு வையுங்கள். காலி ஜூஸ் பெட்டியைக் கழுவிக் காயவைத்து, அதன் நாலு பக்கமும் பிஸ்கட்டை ஒட்டினால் சுவர் எங்கும் போகாது. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு இன்னும் எளிது, மூன்றே பிஸ்கட். ஒன்று தரை, இரண்டு சாய்ந்து முட்டுகிற கூடாரம். அதுவும் வீடுதான்.

மிட்டாய் வியர்த்து ஒழுகுகிறது, நிறம் ஓடுகிறது

காலையில் பதித்த ஆரஞ்சு மிட்டாய் மாலையில் பிசுபிசுத்துச் சுவரில் நிற நிறமாக இறங்கியிருக்கும். இது மிட்டாயின் தரக்குறைவு இல்லை. சர்க்கரைப் பாகைக் காய்ச்சிக் கண்ணாடி போல இறுக்கிய எந்த மிட்டாயும் காற்றின் ஈரத்தைச் சீக்கிரம் இழுக்கும். படிகமாக இருக்கும் சர்க்கரை அப்படி இல்லை. காற்றில் ஈரம் 85 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் போகும்வரை அது தாக்குப்பிடிக்கும்.

இதைப் புரிந்துகொண்டால் கடையில் எதை எடுப்பது என்று கை தானாகப் போகும். டைமண்டு கற்கண்டைப் பனிக்கும் சன்னலுக்கும் வையுங்கள். பனங்கற்கண்டு, வாசல் பாதைக்குக் கூழாங்கல் போலவே இருக்கும். சீரக மிட்டாய், பல்லி மிட்டாய் இரண்டும் ஓட்டுக்கும் வேலிக்கும் நன்றாக நிற்கும். சூட மிட்டாயைக் கதவுக்கு மேல் வட்டமாக வைக்கலாம். கடலை மிட்டாய்க் கட்டி முன்வாசல் திண்ணைக்குப் பொருத்தம், ஆனால் கடைசி நாளில்தான் உறையைப் பிரிக்க வேண்டும். தேன் மிட்டாய், கமர்கட் இரண்டையும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், வீட்டில் பதிக்காதீர்கள். கண்ணாடி மிட்டாய் வேண்டியே தீரும் என்றால் 24-ஆம் தேதி மாலை, குடில் விளக்கு ஏற்றும் முன்பு பதியுங்கள். சில மணி நேரம் தாங்கும்.

நிறம் ஓடுவதற்கு இன்னொரு காரணம் ஈர ஐசிங்கில் வண்ண மேல்பூச்சு மிட்டாயைப் பதிப்பது. ஐசிங்கின் தண்ணீரில் நிறம் கரைகிறது. ஒரு துளி சாக்லேட் வைத்து ஒட்டினால் அந்தத் தொல்லை இல்லை, சாக்லேட்டில் கரைய வைக்கத் தண்ணீரே கிடையாது.

கருப்பட்டிப் பாகு வைத்து ஒட்டினேன், அழுகிறது

இதை நானே செய்து பார்த்தேன். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி வீட்டில் இருந்தது. சுக்கும் கருப்பட்டியும் சேர்ந்தால் ஜிஞ்சர்பிரெட்டின் வாசமே வரும் என்று ஆசைப்பட்டுக் கெட்டிப் பாகு காய்ச்சி ஒட்டினேன். அன்று முழுக்கக் கல் மாதிரி நின்றது. மறுநாள் காலையில் நாலு மூலையிலும் கறுப்பாக ஒழுகி, சுவர்கள் வெளியே சாய்ந்து கிடந்தன. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கருப்பட்டி சாதாரணச் சர்க்கரையைவிட அதிகமாக ஈரம் இழுக்கும். அப்பத்தா காலத்தில் அதை ஓலைக் கொட்டானில் போட்டு அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டதற்குக் காரணம் அதுதான்.

சீனியைக் கருக்கிய பாகும் அப்படியே. ஒரு நிமிடத்தில் ஒட்டும், இரண்டு நாளில் கசியும். அதோடு அது 160 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பொருள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

எல்லாம் சரி, ஆனால் இஞ்சி மணமே இல்லை

பிஸ்கட்டில் இஞ்சி இல்லையே, எப்படி வரும்? உருக்கிய 200 கிராம் சாக்லேட்டில் அரைத் தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு சிட்டிகை கிராம்புப் பொடி, இரண்டு சிட்டிகை பட்டைப் பொடி கலந்துவிடுங்கள். பொடிகள் மூன்றும் வெயிலிலோ வெறும் சட்டியிலோ காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சாக்லேட் கட்டிப்படும். மலபார்க் கரையிலிருந்து கப்பலேறிப் போன சரக்குதான் ஐரோப்பாவின் கிறிஸ்துமஸ் ரொட்டிக்குள் நுழைந்தது. நம் சுக்கை அதில் சேர்க்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கருப்பட்டி ஆசையும் தீர வேண்டும் என்றால், சுக்குப் பொடியும் கருப்பட்டித் தூளும் கலந்து, விருந்தாளி வரும் நேரத்தில் வீட்டைச் சுற்றித் தூவுங்கள். தனுஷ்கோடி மணல் மாதிரியே இருக்கும்.

தூக்கியதும் விரிசல் விடுகிறது

அடித்தட்டு வளைகிறது. பிளாஸ்டிக், பேப்பர் தட்டு வேண்டாம். எவர்சில்வர் தாம்பாளத்தில் கட்டுங்கள்.

எறும்பு

தாம்பாளத்தை ஒரு கிண்ணத்தின் மேல் உட்காரவைத்து, அந்தக் கிண்ணத்தை அகலத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். தாம்பாளம் சுவரையோ திரைச்சீலையையோ தொடக் கூடாது, அந்த ஒரு நூல் போதும் எறும்புக்கு. எறும்பு சாக்பீஸ் தின்பண்டத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது, அது விஷம். இரவில் பெரிய அண்டாவைக் கவிழ்த்து மூடினால் எறும்பு, பூச்சி, ஈரம் மூன்றுக்கும் கொஞ்சம் தடுப்பு. அண்டாவுக்குள் வெறும் சட்டியில் வறுத்து ஆறிய அரிசியை ஒரு துணியில் முடிந்து வைப்போம். புதுச் செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா பொட்டலத்தை வைக்க வேண்டாம், பிள்ளைகள் மிட்டாய் என்று பிரித்துவிடுவார்கள்.

விழுந்தே விட்டது, கிறிஸ்துமஸ் நாளைக்கு

சுவரைத் திரும்ப ஒட்ட நேரம் இல்லை என்றால் விழுந்த சுவரை ஓரமாக வைத்துவிட்டு, மீதி நிற்கிற மூன்று சுவரையும் அப்படியே திறந்த முன்பக்கத்தோடு குடிலாக மாற்றுங்கள். பெத்லகேம் தொழுவத்துக்கு முன்சுவர் கிடையாது. உள்ளே சின்ன சுரூபங்களை வைத்தால் யாரும் விழுந்ததென்று சொல்ல மாட்டார்கள்.

மொத்தமும் சரிந்திருந்தால், அன்றைக்கே சரிந்தது என்றால் மட்டும், பிஸ்கட்டைப் பொடித்து, மீதிச் சாக்லேட்டை உருக்கி ஊற்றிப் பிசைந்து, உருண்டை பிடித்துத் தேங்காய்த் துருவலில் புரட்டிவிடுங்கள். அதற்குத் துருவலை வெறும் சட்டியில் ஈரம் போக வறுத்திருக்க வேண்டும். மூன்று நாள் காற்றில் நின்ற வீடோ பச்சை முட்டை ஐசிங் போட்டதோ என்றால் உருண்டை பிடிக்காதீர்கள், பிள்ளைகளுக்கு வயிற்றைக் கெடுத்துவிடும். உறை பிரிக்காத மிட்டாய்களை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைக் கொட்டிவிடுங்கள்.